தலைவரின் விளையாட்டு விழா

கணவர் சிறீஸ்கந்தராசாவைப் பூமணி மனத்துக்குள் ‘தலைவர்’ என்றுதான் சொல்லிக்கொள்வாள். மரியாதைக்கு அல்ல. நோர்வேயில், புருசெத் என்ற ஊரில் இருக்கும் தமிழ் விளையாட்டுக் கழகத்துக்கு அவர் பல வருடமாகத் தலைவர். இத்தனை வருடத்தில் அவர் ஓடி அவள் கண்டதில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடைக்கும் காரைத்தான் எடுப்பார். தொந்திக்கு மேலே கழகச் சின்னம் பதித்த சட்டை மட்டும் எப்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பூமணிக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகள் ஆரணிக்கு ஓட்டம் என்றால் உயிர் என்பது மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பையன்களையும் முந்துகிறவள், நோர்வேக்காரரின் ஓட்டக் கழகத்தில் சேரக் கேட்டாள். தலைவர் கண்ணை உருட்டினார். பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கும் முடிந்த பிள்ளை அரைக்காற்சட்டையோடு ஓடுவதா? கறுத்துப்போவாள், கால் ஆம்பிளைக் காலாகிவிடும், குளிரில் சளி பிடிக்கும், கணக்கு ரியூசன் கெடும். இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து, கழகத்தின் விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி, பிள்ளைகளுக்கு ஓடியாடுவது எவ்வளவு அவசியம் என்று ஊருக்கெல்லாம் விளக்கினார். வெட்கம் என்பது அந்த மனிதனுக்குக் கிட்டவும் வராது.

ஆரணி விடாமல் கேட்கவே, ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்:

“எங்கடை விழாவிலை இருநூறு மீற்றர் ஓடி வெண்டு காட்டு. பிறகு விடுறன்.”

பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டாள். அவர் வேலைக்குப் போனதும் அடுக்குமாடிப் படிகளில் ஏறி ஏறி இறங்கினாள். கீழ்வீட்டுக்காரி சத்தமென்று முறைப்பட, பூமணி வடை சுட்டுக் கொண்டுபோய்ச் சமாளித்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் மாதம் விழா வந்தது. பிரதம விருந்தினர் சச்சிதானந்தன் மத்தியானம் கழித்தே வந்தார். அவருக்காகக் காத்திருந்த மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. கொடியேற்றம், அணிவகுப்பு, வரவேற்பு நடனம், பொன்னாடை என்று போனது. விருந்தினரைப் புகழ்ந்து தலைவர் பேசினார், தலைவரைப் புகழ்ந்து விருந்தினர் பேசினார், இருவரையும் புகழ்ந்து செயலாளர் பேசினார். பிள்ளைகள் றோல்ஸ் தின்றுகொண்டு புல்லில் கிடந்தார்கள். ஆரணி மட்டும் ஓட்டக் கோட்டருகே காலை உதறிக்கொண்டு நின்றாள். கடைசியில் மைதானக் காவலர் வந்து, நேரம் முடிந்தது, அடுத்த குழு வெளியே நிற்கிறது என்றார்.

ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை.

பரிசுக் கோப்பைகள் மேசையில் மினுங்கின. கொடுப்பதற்கென்றே வந்த விருந்தினர் கொடுக்காமல் போகலாமா? தலைவர் தளரவில்லை. குழு உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு வெற்றியாகப் பகிர்ந்தளித்தார். பிறகு ஒலிவாங்கியில் குரலை உயர்த்தினார்:

“இருநூறு மீற்றர், பெண்கள். முதலாமிடம், செல்வி ஆரணி சிறீஸ்கந்தராசா.”

சபை கைதட்டியது. எப்போது ஓடினாள் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

“ஓடாமல் எப்பிடி அம்மா வாங்கிறது?” ஆரணிக்கு அழுகை முட்டியது.

“கதையாமல் போய் வாங்கு,” என்று பூமணி அவளை மேடைப்பக்கம் தள்ளினாள்.

வீட்டுக்குப் போகும்போது காருக்குள் தலைவர் விழாவின் அருமை பெருமையை அளந்துகொண்டே வந்தார். பூமணி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“வெண்டால் விடுறன் எண்டு சொன்னனீங்கள். பிள்ளை வெண்டிட்டாள்.”

“அது சும்மா குடுத்ததுதானே.”

“ஓமோ? அப்ப சச்சிதானந்தன் அண்ணைக்கும் அதைச் சொல்லிவிடுறன்.”

தலைவர் கார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஓகஸ்டில் ஆரணி நோர்வேக்காரரின் ஓட்டக் கழகத்தில் சேர்ந்தாள். கோப்பையைத் தலைவர் கண்ணாடி அலுமாரியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கூச்சமில்லாமல் காட்டினார். ஆரணியின் முதல் போட்டியன்று அவருக்குத் தமிழ்க் கழகத்தில் கூட்டம். பூமணி மட்டும் போய்க் குளிரில் நின்று பார்த்தாள். பந்தயம் முடிந்ததும் முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக ஆரணி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, ஐஞ்சாவது,” என்றாள். “ஓடி வந்தனான்.”