அரை ஏக்கர் தளபதி

புரட்சிப் படைகளை நடத்தியவர்களைப் பற்றி இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புரட்சிக்காரன் ஒருவனை மாபெரும் தளபதியாக்குவது எது என்பது தலைப்பு. வீரம், பேச்சாற்றல், ரகசியம், இரும்பு மனம் என்று நான்கு பக்கம் எழுதி, படித்துப் பார்த்து நானே தலையாட்டிக்கொண்டேன். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவனுக்கு அவ்வளவு மிதப்பு.

வியாழக்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள். சீர்காழிப் பக்கம் எங்கள் ஊரில், பெண்களைத் திரட்டி நடவு வேலையை நடத்துகிறவள் அவள்.

"நட்ட பயிரு மூணு நாளா தண்ணிக்குள்ள கெடக்கு. இன்னிக்கு வடியலன்னா ஊரு மொத்தமும் அழுகிடும். ஆள் பத்தல, வாண்ணே."

போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. வயலைக் காணோம், ஏரிதான் தெரிந்தது. ஆளாளுக்கு இன்ஜின் வைத்துத் தன் வயல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வயல்காரர் அதையே திருப்பி இறைத்தார். நிலக்காரக் குடும்பத்துப் பங்காளிகள் இருவர் வரப்பில் நின்று ஒருவரையொருவர் அடிக்கப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் வெளியேற வேண்டிய வடிகாலோ, ரோட்டுப் பாலத்துக்கு முன்னால் ஆகாயத்தாமரை மெத்தையாகப் படர்ந்து அடைத்துக் கிடந்தது. அதை அள்ளும் இயந்திரம் வர இரண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இன்ஜின எல்லாம் நிறுத்துங்க. நாமளே அள்ளிடலாம்" என்றாள் தங்கை. ஒருவரும் நிறுத்தவில்லை.

"அள்ளி எங்க கொட்டுறது? கரையில போட்டா திரும்ப உள்ளதான் சரியும்" என்றார் பங்காளிகளில் மூத்தவர். அவர் கேட்டதும் நியாயம்தான். வடிகாலை ஒட்டி மேடாக இருந்தது ஒரே ஒரு வயல். ஊரிலேயே பயிர் தண்ணீருக்கு மேல் தலைகாட்டி நின்றதும் அது ஒன்றுதான்.

அது எங்களுடையது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நட்ட குடும்பத்துக்கு, சொந்தப் பட்டாவோடு முதலில் வந்த அரை ஏக்கர்.

"என் வயல்ல கொட்டுங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது அப்பா வாங்குன நெலம். ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"தெரியும்ணே. வேற யாரு வயலக் காட்டி நான் கொட்டச் சொல்றது? அப்பறம் எவன் என் பேச்சக் கேப்பான்?"

அவளே முதல் கூடையை அள்ளி, பச்சைப் பயிரின் மேல் கவிழ்த்தாள். பிறகு ஒரு இன்ஜின் நின்றது. இன்னொன்றும் நின்றது. கொஞ்ச நேரத்தில் தவளைச் சத்தம் கேட்கும் அளவுக்கு ஊர் அமைதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் சட்டம். நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்கத் தெம்புள்ளவர்கள் உள்ளே இறங்கினார்கள். மெத்தையில் கொக்கி மாட்டி இழுக்கும் கயிற்றில், அடித்துக்கொள்ள இருந்த பங்காளிகளை அடுத்தடுத்து நிறுத்தினாள். கயிறு வழுக்காமல் இருக்க இரண்டு பேரும் மூச்சைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. சண்டை போட மூச்சு மிஞ்சவில்லை. முன்வரிசைக்கு ஆசைப்பட்ட என்னை, நீச்சல் தெரியாதவன் என்று கரையில் கூடை சுமக்க விட்டாள். எங்கள் பயிரின் மேல் நானே சேற்றோடு ஆகாயத்தாமரையைக் கொட்டினேன்.

உச்சி வெயிலில் மெத்தை அசையத் தொடங்கியது. உற்சாகம் தலைக்கேற, எல்லாரும் இன்னும் நெருங்கிப் போனார்கள். அவள் மட்டும் பாலத்தடியில் தண்ணீர் சுழிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் மேல வாங்க."

"இன்னும் நாலு இழுப்புதாங்க" என்று கெஞ்சினார் இளைய பங்காளி.

"இப்ப வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். கடைசி ஆள் கரையில் கால் வைத்து ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகியிருக்காது, மெத்தை தானாகப் பிய்ந்து பாலத்துக்குள் பாய்ந்தது. உள்ளே ஆள் நின்றிருந்தால் அவரையும் இழுத்துப் போயிருக்கும். தண்ணீர் ஓடியது. சாயங்காலம் நாற்றின் நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது, முழங்கால் சேற்றில் ஊரே கத்திக் கூத்தாடியது. நானும் ஆடினேன், கண்ணாடி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாமல்.

ஞாயிறு கூட்டத்தில் அந்த நான்கு பக்கத்தை நான் வெளியே எடுக்கவில்லை. மலையிலும் காட்டிலும் சண்டையிட்ட தலைவர்களைப் பற்றித்தான் பேசினேன். தங்களுடைய எதைக் கொடுத்துவிட்டு அவர்கள் மற்றவர்களிடம் கேட்டார்கள், எப்போது தம் ஆட்களைப் பின்னுக்கு இழுத்தார்கள் என்பதை மட்டும் சொன்னேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அது யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். எங்கள் அரை ஏக்கரில் ஆகாயத்தாமரை இல்லை. ஊரே கூடி அதை வாரி, உழுது வைத்திருந்தது. பிழைத்த வயல்களில் அடர்ந்திருந்த நாற்றுக் கொத்துகளைக் கலைத்து ஆளுக்கொரு கட்டு நாற்று கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் நடவு பெண்கள் வேலை, ஆண்கள் குனிய மாட்டார்கள். அன்றைக்குப் பங்காளிகள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டி வரிசையில் குனிந்து நட்டார்கள். ஒரு காலத்தில் எங்கள் அம்மா இவர்கள் வீட்டு வயலில்தான் நட்டுக்கொண்டிருந்தாள். நானும் இறங்கினேன்.

தங்கை பின்னாலேயே வந்து எங்கள் வரிசையைப் பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று மூன்று பேரும் நிமிர்ந்தோம்.

"ஆழமா நட்டிருக்கீங்க, தூர் கட்டிக் கெளைக்காது. மூணு பேரும் புடுங்கிட்டுத் திரும்ப நடுங்க."

மூத்த பங்காளிதான் முதலில் குனிந்து பிடுங்கினார்.