பாதியில் நின்ற தோடி

மாலை ஆறு இருபத்தைந்துக்கு என் தோடி பாதியில் நின்றது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் செம்பாக்கம் வீட்டில் ஒரு சின்னக் கூட்டம் நடக்கும். அந்த வருடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஆல்பத்தை ஆளுக்கு ஒன்றாக ஸ்பீக்கரில் போட வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், என் பள்ளியிலேயே வேதியியல் நடத்தும், நான் அக்கா என்று கூப்பிடும் டீச்சர். இந்த முறை மகள் மட்டும் இன்னும் வரவில்லை. வேளச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

என்னுடைய ஆல்பம் ஒரு பெண் நாகஸ்வரத்தில் வாசித்த தோடி. தவில் கிடையாது, சுருதி மட்டும். வருடம் முழுக்க விடைத்தாள் திருத்தும்போது அதுதான் துணை. ஆலாபனை மெல்ல ஏறி மேல் ஸட்ஜத்தைத் தொடப்போகிற இடம் வந்தது. "இதோ, இப்ப கேளுங்கக்கா" என்று கையைத் தூக்கினேன். சத்தம் அறுந்தது.

போனைப் பார்த்தால், வேறொரு சாதனத்தில் ஒலிக்கிறது என்றிருந்தது. பாட்டு ஆப்பில் குடும்பத்துக்கே ஒரு கணக்குதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். ஆனால் அங்கே என் மகளுடைய போனின் பெயர் இல்லை. நான் பார்த்தே இராத ஏதோ ஒரு மாடல் எண் இருந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.

"சார்ஜ் போயிருக்கும். யார் போன்லயாவது கேட்டுட்டு வருவா" என்றார் கணவர்.

"யாரோட போன்? அந்தப் போன்லருந்து எனக்கு ஒரு கால் பண்ண மாட்டாளா?"

முடிச்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு ராத்திரியில் மாடிப்படி வரை தண்ணீர் ஏறியது. அப்போது அவள் சின்னப் பெண், என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு மழையில் அவள் வெளியே இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இவருக்கு இறங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவளைக் கூப்பிட்டேன். கணக்கு ஒன்றுதான் என்பதால் என் போனிலிருந்தே அந்த முகம் தெரியாத போனில் தோடியைப் போட்டுவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை, யாரோ மாற்றிவிட்டார்கள். நான் மறுபடி போட்டேன். மறுபடி மாற்றினார்கள்.

"நீ சண்டை போடுறது உன் பொண்ணோடயா, இல்ல போன் திருடினவனோடயா?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க சார். இவளே பயந்து போயிருக்கா" என்றார் அக்கா. சூழ்நிலையை இலகுவாக்க நினைத்தோ என்னவோ, தன் ஆல்பத்தைத் தன் போனில் போட்டார். சின்ன சர்ச் பாடகர் குழு ஒன்று ஆர்மோனியம் மட்டும் வைத்துப் பாடிய கிறிஸ்துமஸ் கீர்த்தனைகள். "கீபோர்டே இல்ல பாத்தியா?" என்றார். நல்ல பாடல்கள்தான். அன்றைக்கு என் காதில் ஒரு வரி ஏறவில்லை. கணவர் தன் முறைக்காகக் கானா ஆல்பம் ஒன்றை வைத்திருந்தார். "இப்ப அதை மட்டும் போட்டீங்கன்னா ஸ்பீக்கரை ஜன்னல் வழியா எறிஞ்சிடுவேன்" என்றேன். அவர் சோபாவின் கைப்பிடியில் தாளம் போடுவதையும் நிறுத்திக்கொண்டார்.

என் போன் திரையில் ஓடிக்கொண்டிருந்தது மகளுடைய அந்த வருடத்து ஆல்பம். கிட்டாரோடு ஒரு பெண். பாடுகிறாளா ரகசியம் சொல்கிறாளா என்று நான் கிண்டல் செய்த பெண். நான் கேட்கத் தொடங்கினால் அங்கே நின்றுவிடும். அதனால் அந்த ஆல்பத்தைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. ஓடுகிற வரைக்கும் அவள் எங்கேயோ பத்திரமாக இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் காசு கொடுத்தாலும் கேட்காத ஒரு குத்துப்பாட்டு வந்தது. இது அவள் இல்லை. அந்தப் பாட்டும் பாதியில் நின்றது. தோடியை அனுப்பிப் பார்த்தேன், சாதனம் கிடைக்கவில்லை என்றது. அதன் பிறகு திரையில் எதுவும் ஓடவில்லை.

"பள்ளிக்கரணைல தண்ணி நிக்குதாம், பஸ்ஸெல்லாம் அப்படியே நிக்குதாம்" என்று பக்கத்து வீட்டிலிருந்து சொன்னார்கள். அக்கா ஏசுவை வேண்டிக்கொண்டிருந்தார். கணவர் ஒருவழியாகப் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி எப்போதும் தொங்குகிற ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் முழங்கால் வரை சேறோடு என் மகள். பின்னால் அவளோடு படிக்கும் பெண், அவளும் அதே கோலம்.

"எங்கடி போன? ஒரு போன் பண்ணத் தெரியாதா?"

"உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லம்மா. போன்ல பேரைத் தட்டினா போவும், நம்பரை யாரு பாக்கறா?"

"கணக்கோட பாஸ்வேர்டு மட்டும் மனப்பாடமா இருந்துச்சா?"

"அது நம்ம பழைய நாய்க்குட்டி பேரு. அது எப்படி மறக்கும்? உன் மெயில் ஐடியும் ஞாபகம் இருந்துச்சு. அதான் பஸ் ஏறின உடனே இவ போன்லருந்து உனக்கு மெயில் போட்டேனே. பாக்கல?"

மெயிலை நான் பார்ப்பது சம்பளச் சீட்டு வரும்போது மட்டும். அவ்வளவு நேரமும் அது என் கையிலிருந்த போனிலேயே இருந்திருக்கிறது. அவளை அறையலாமா அணைத்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் துண்டை எடுத்து அவள் தலையை அழுத்தித் துவட்டினேன். "வலிக்குதும்மா" என்றாள். இன்னும் அழுத்தினேன்.

"அந்த நாகஸ்வரம் நான்தான் போட்டேன்னு உனக்குத் தெரியலையா?"

"ஆளுக்கொரு காதுல இயர்போன் மாட்டிருந்தோம், ஆப் கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். கடைசில இவ கடுப்பாகித் தன்னோட குத்துப்பாட்டைப் போட்டா. அதுக்குள்ள சிக்னல் போச்சு. எறங்கித் தண்ணில நடந்து, ஷேர் ஆட்டோ புடிச்சு வந்தோம்."

அந்தப் பெண் அதுவரை வாசலிலேயே நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்கும் ஒரு துண்டை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் தன் போனை என் முன்னால் நீட்டினாள்.

"ஆன்ட்டி, என் காதுக்குள்ளயே கல்யாணம் நடத்திட்டீங்க. மொதல்ல என் போனை விட்டு எறங்குங்க."