பூஜ்யத்திலிருந்து எண்ணும் பெட்டி

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்தால் போதாது. பெட்டி எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். என்னைப் போல் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அலைகிறவர்களுக்கு இது புரியும். முதல் டிஸ்கைத் திரை பூஜ்யம் என்கிறது. பெட்டிக்குள் இருக்கும் போர்டிலோ அதே இடத்தில் ஒன்று என்று அச்சடித்திருக்கிறார்கள். புதிதாக எதையாவது சொருகினால் வரிசையே மாறிவிடும்.

மிளகாய் மண்டி

செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில், டிஸ்கைக் காணோம் என்று ஒரே வரியோடு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. தும்மித் தும்மிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினேன். அப்புறம்தான் பின்னால் சொருகியிருந்த பென் டிரைவ் கண்ணில் பட்டது. அதையே முதல் டிஸ்க் என்று நம்பி, பெட்டி அதற்குள் விண்டோஸைத் தேடிக்கொண்டிருந்தது. பிடுங்கியதும் உயிர் வந்தது.

முதலாளி நம்ப முடியாமல் பார்த்தார். "அதுல முருகன் பாட்டுங்க இருக்குது. சாமி பாட்டுக்குமா எந்திரிக்க மாட்டேங்குது?"

முதல் வள்ளம்

வெண்ணந்தூர் கடலை வியாபாரி ஒருவர் தானாகவே இரண்டாவது டிஸ்கை மாட்டி, எதிலிருந்து இயங்குவது என்று பெட்டி கேட்ட இடத்தில் 'டிஸ்க் 1' என்பதை முதல் டிஸ்க் என்று தேர்ந்தெடுத்துவிட்டார். காலி டிஸ்கில் போய் முட்டிக்கொண்டு நின்றது பெட்டி. பூஜ்யம்தான் முதல் என்பது எனக்கு மண்டையில் ஏறவே ஒரு வருடம் பிடித்தது. அதை விளக்க மூச்சைப் பிடித்தேன். அவர் கையமர்த்தினார்.

"இதுக்கென்னங்க, கடலை அளக்கையில மொத வள்ளத்தை நாங்களும் ஒண்ணுன்னு சொல்றதில்லீங்களே. லாபம்னுதானுங்க சொல்லுவோம்."

ஆட்டையாம்பட்டி

தறிகளுக்குச் சேலை டிசைன் வரைந்து கொடுக்கும் மல்லிகா என்ற பெண்ணின் கம்ப்யூட்டர். விண்டோஸ் செத்துப் போயிருந்தது. ஒரு டிஸ்கை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். இன்னொரு டிஸ்கில் அவர் ஆறு வருடம் வரைந்த டிசைன்கள். வேறு நகல் கிடையாது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. திரையில் பூஜ்யம், ஒன்று என்று மட்டும் இருந்தது. விண்டோஸ் எப்போதும் பூஜ்யத்தில்தானே என்று சொல்லியபடி அதை அழிக்க மவுஸைக் கொண்டுபோனேன்.

"எப்படிங்க தெரியும்?" என்றார் மல்லிகா.

"நம்பர் சொல்லுதுங்க."

"பொறுங்க. எந்த நூல் எங்க போகுதுன்னு தறியில சந்தேகம் வந்தா, நாங்க நம்பரைப் பாக்க மாட்டோம். நூலை இழுத்துப் பாப்போம். கடைக்காரரு மாட்டுறப்ப பாத்தேன், கீழ இருக்குறதுதான் என் டிஸ்க். அதோட வயரை மொதல்ல கழட்டுங்க."

எனக்குச் சுருக்கென்றது. முணுமுணுத்துக்கொண்டே கழற்றினேன். மீதமிருந்த டிஸ்கில் விண்டோஸைப் போட்டு முடித்து, அவருடையதைப் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டிப் பார்த்தேன். டிசைன்கள் அத்தனையும் பூஜ்யத்தில் இருந்தன. நான் அழிக்கப் போனது அதைத்தான். உண்மையை அவரிடமே சொன்னேன். மலைப்பாக இருந்தது, கம்ப்யூட்டரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தன் கையால் கழற்றியிராத ஒருவர் என் தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நினைத்து. அவர் திட்டவில்லை. முதல் சேலை டிசைனைத் திரையில் திறந்து, பூ ஒன்றும் குறையவில்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்பர் பொய் சொல்லலீங்க. நீங்கதான் இழுத்துப் பாக்காம நம்பிட்டீங்க."

இப்போதெல்லாம் எந்த டிஸ்கை அழிக்கும் முன்பும் மற்றதன் வயரை உருவிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் அதை என் அனுபவம் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள்.