தண்ணீர் குடிக்காத ஜாம்பி

மாமா சொன்ன கதைகளில் வரும் ஜாம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். அது தப்பு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கணக்கில் எப்படியோ, ஜாம்பி விஷயத்தில் அந்த வயதில் என்னை யாரும் மடக்க முடியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செய்யூர் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் வேலை. ரீசார்ஜ் செய்வது, உடைந்த டிஸ்பிளே மாற்றுவது, எல்லாவற்றையும்விட முக்கியமாக மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுப்பது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பாதிப் பேர் அப்போது படம் பார்த்தது தியேட்டரில் அல்ல, மாமா ஏற்றிக் கொடுத்த கார்டில்தான். எனக்கு மட்டும் தனியாக, தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டு ஜாம்பிப் படங்களைக் கொண்டுவருவார். உள்ளங்கை அகலத் திரையில் செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள். ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் மெட்ராஸ் பாஷையில் திட்டிக்கொண்டே அவர்களைச் சுடுவார்.

படம் தீர்ந்தால் போனில் விளையாட்டு இருந்தது. அதுவும் அலுத்தால் புத்தகம். மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில் அறை பெருக்கும் மாமாவின் நண்பர், வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு படக்கதையைக் கொடுத்திருந்தார். அதில் ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் யார் யாரைக் கடிக்கிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அப்பா லாரியோடு போய், வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டவர். அம்மா வேர்க்கடலை பிடுங்கவும் சவுக்குக் கன்று நடவும் கூலிக்குப் போவாள். மாமா எங்களோடு இருந்ததால் அடுப்பு எரிந்தது. இதில் வருத்தப்பட எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஜாம்பிகள் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தன என்று பின்னால் யோசித்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டேன். லாரியில் கிளீனர், ஓட்டலில் மேசை துடைப்பது, நெம்மேலியில் குழாய் பதிக்கிற கும்பலில் ஒரு ஆள் என்று எங்கும் காலூன்றாமல் திரிந்த வருஷங்களிலும் என் போனில் ஒரு ஜாம்பி விளையாட்டு இருக்கும். உலகம் அழிந்த பிறகு யாரும் மார்க் ஷீட் கேட்பதில்லை. திறந்து கிடக்கிற கடையில் புகுந்து பிஸ்கட் எடுத்துக்கொள்ளலாம். ஓடத் தெரிந்தவன் பிழைப்பான். எனக்கு ஓடத் தெரியும்.

சின்ன வயதில் இந்த யோசனையெல்லாம் இல்லை. கரண்ட் போய், போனிலும் சார்ஜ் இறங்கிவிட்ட சாயங்காலங்களில் மாமா வாயாலேயே கதை சொல்வார்.

“இன்னா மாப்ள, இன்னிக்கு ஃபாரின் ஜாம்பியா, நம்மூரு ஜாம்பியா?”

ஃபாரின் ஜாம்பி கையை நீட்டிக்கொண்டு நடக்கும். நம்மூர் ஜாம்பி நடக்காது. கழனியில் ஒரு மோட்டார் கொட்டகைக்குள் மூலையில் குந்தியிருக்கும். தாகம், தாகம் என்று கேட்கும். சொம்பைக் கிட்டே கொண்டுபோனால் தொண்டை இறுகிக் கத்தும். காற்று பட்டாலே உடம்பு தூக்கிப் போடும். அதனால் கதவை வெளியே பூட்டிவிட வேண்டும்.

“அதோட நிக்காது மாப்ள. நடுநடுவுல நல்லா ஆயிடும். உன் பேர சொல்லி கூப்புடும். கதவ தொறடா கண்ணுன்னு கெஞ்சும். அப்பதான் தொறக்கவே கூடாது.”

“ஜாம்பி பேசாது மாமா. மூள செத்துடும்.”

“இது பேசும்.”

“எந்தப் படத்துல வருது?”

“எந்தப் படத்துலயும் வராதுடா. நம்மூரு ஜாம்பின்னு சொல்லிகினே கீறேன்ல?”

இந்தக் கதை வரும்போதெல்லாம் அம்மா பாத்திரத்தை ஓசைப்பட வைப்பாள். “வேற கதயே தெரியாதா உனுக்கு? புள்ளைக்கு சொல்ற கதயாடா அது?” என்று கத்திவிட்டு வெளியே போய் நின்றுகொள்வாள். அம்மாவுக்குப் பேய்ப் பயம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு வருஷம், வேர்க்கடலை பிடுங்குகிற சமயத்தில், மாமா மாறிப்போனார். வீட்டில் எப்போதும் லுங்கியோடு இருப்பவர் பேண்ட்டைக் கழற்றவே இல்லை. பம்புசெட்டில் குளிக்கக் கூப்பிட்டால் வரவில்லை. கதை கேட்டால் எரிந்து விழுந்தார். அடிக்கடி எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு ஒரு மடக்கு குடிப்பார். எதையோ காது கொடுத்துக் கேட்பவர்போல அசையாமல் நிற்பார். பிறகு இன்னொரு மடக்கு.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லா ஜாம்பிப் படங்களிலும் கடிபட்ட ஒருவர் இருப்பார். பெரும்பாலும் நல்லவராக இருப்பார். கடிவாயை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, சும்மா கீறல் என்பார். பார்க்கிற நாம் இங்கிருந்து கத்துவோம், கூட இருப்பவர்களுக்குக் கேட்காது. கண்டுபிடிப்பதற்குள் வண்டியில் பாதிப் பேர் காலியாகியிருப்பார்கள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் மதியம், சாப்பிட வந்த மாமா அசந்து தூங்கினார். நான் பேண்ட் காலை மெதுவாக மேலே சுருட்டினேன். கெண்டைக்காலில் மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தன. அதற்கு நடுவே பல் பதிந்த குழிகள். மாமா துள்ளி எழுந்தார்.

“அக்காகிட்ட சொல்லாத மாப்ள.”

“நாயா மாமா?”

“கம்பி கிழிச்சிட்ச்சிடா. சும்மா கீறல்.”

“படத்துலயும் இதத்தான் சொல்வாங்க.”

மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தன் போனை எடுத்து என் கையில் திணித்தார். “புது கேம் ஏத்திக்கீறேன். சாயங்காலம் வரைக்கும் நீயே வச்சிக்க” என்றுவிட்டுக் கடைக்குப் போனார்.

எனக்குக் கிடைத்த முதல் லஞ்சம் அது. வாங்கிக்கொண்டேன். புது விளையாட்டில் நம் ஆட்களில் ஒருவனை ஜாம்பி கடித்துவிட்டால் அவன் தலைக்கு மேலே பெயர் சிவப்பாகும். அதன் பிறகும் அவன் நம்மோடு ஓடி வருவான், நமக்காகச் சண்டை போடுவான். அவனை என்ன செய்வதென்று நாம்தான் சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் கதவோரம் மாமா படுப்பார், அடுத்து நான், அடுத்து அம்மா. மாமா என்னைக் கடித்தால் நான் அம்மாவைக் கடிப்பேன். சார்ஜ் மிச்சமிருக்கும்போதே போனைக் கீழே வைத்தது அன்றைக்குத்தான். கழனிக்கு ஓடினேன்.

மாமா தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன் என்பது வழியில் ஞாபகம் வந்தது. மாமா கதைப்படி பார்த்தால் அவர் ஜாம்பி இல்லை. ஆனால் மாமா கதைதான் தப்பாயிற்றே.

“ம்மா! மாமாவ நாய் கடிச்சிட்ச்சி. மறச்சி வச்சிகினு கீறாரு. ஜாம்பி ஆயிடுவாரு!”

கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். “உன் மாமன் அந்த போன பாத்துகினு எப்பவோ அப்பிடித்தாண்டா கீறான்” என்றாள் ஒருத்தி. “ஒரு பொண்ண பாத்து கட்டி வைங்க, எல்லாம் தெளிஞ்சிடும்” என்றாள் இன்னொருத்தி. கழனியே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. வேரோடு பிடுங்கிய செடி அவள் கையில் தொங்கியது.

“எங்க கடிச்சிது?”

“கெண்டக்கால்ல.”

“தண்ணி குடிக்கிறானா?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் அம்மாவும் ஜாம்பியை நம்பிவிட்டாள். அதுவும், போயும் போயும் மாமாவின் ஜாம்பியை.

பறித்த கடலையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பில்லாமல் வரப்பில் ஓடினாள். ரோட்டில் முதலில் வந்த டூவீலரை நடுவில் நின்று மறித்தாள். ஓட்டி வந்தவர் திட்ட வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

கடையில் இரண்டு பேர் படம் ஏற்றக் காத்திருந்தார்கள். அம்மா மண் கையோடு உள்ளே போய் மாமாவின் சட்டையைப் பிடித்தாள்.

“பேண்ட்ட தூக்கு.”

“இன்னாக்கா, கடையில வந்து…”

“தூக்குடா!”

மாமா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குரல் என் வயசுப் பையன் குரலாகியிருந்தது.

“சொன்னா பூட்டிடுவீங்கக்கா.”

“யாரு பூட்டுவா? நான் இருக்கசொல்லோ உன்ன யாருடா பூட்டுவா?”

“நைனாவ பூட்டல?”

அம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நைனா என்று அவர்கள் சொன்னது தங்கள் அப்பாவை. தாத்தா காய்ச்சலில் போனவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சலுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்க நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் அது மறந்துபோயிற்று.

நர்ஸ் காயத்தை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே திட்டினார். “கடிச்ச உடனே வர்றதுக்கு இன்னா? மொளகாத் தூள யாரு வைக்க சொன்னது, கொழம்பா வைக்கற?” மாமா தலையைக் குனிந்துகொண்டார். இது ஜாம்பி ஊசியா என்று நான் கேட்டேன். “ஆமாண்டா, உனுக்கும் ஒண்ணு போடவா?” என்றார். அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். படங்களில் இந்த மருந்தைத் தேடிப் பெரிய கூட்டமே புறப்பட்டுப் போகும். பாதிப் பேர் வழியிலேயே சாவார்கள், போய்ச் சேர்ந்தாலும் மருந்து இருக்காது. எங்களுக்கு அது சீட்டு வாங்கி வரிசையில் நின்றதும் ஒரு ஃபிரிட்ஜிலிருந்து கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மாமா எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார். இன்று செங்கல்பட்டில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். பல வருஷம் கழித்து, ஆந்திரப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் என் காலையும் ஒரு நாய் பிடித்தது. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச்சுவரில் ஒரு படம். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது, ஆனால் படக்கதை பார்த்துப் பழகியவன். மூலையில் குந்திய ஒரு ஆள். தட்டிவிடப்படும் தண்ணீர்த் தம்ளர். சுழலும் மின்விசிறியைக் கண்டு நடுங்கும் உடம்பு. நம்மூர் ஜாம்பி.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். தாத்தா காய்ச்சலிலா செத்தார் என்று கேட்டேன்.

“வெறிநாய் கடிச்சிட்ச்சி. மோட்டாரு கொட்டாயில வச்சி பூட்டினாங்க. பெரியவங்கல்லாம் பயந்துகினு தூரமா நின்னாங்க. சாவி உன் மாமன் கையில இருந்துச்சி. ஜாம்பி படம் பாத்துகினு இருந்தியே, அந்த வயசு அவனுக்கு. நைனா அவன் பேர சொல்லித்தான் கூப்புட்டுச்சி.”

“தொறந்தாரா?”

“தொறக்கல.”

எந்தப் படத்தில் வருகிறது என்று நான் மாமாவை எத்தனை தடவை மடக்கியிருப்பேன்.

மாமாவுக்கு முதல் ஊசி போட்ட அன்று, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெட்டிக்கடையில் அம்மா ஒரு பன்னீர் சோடா வாங்கினாள். ஒன்றுதான். அதை மாமாவிடம் கொடுத்தாள். மாமா பாட்டிலை வாயருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, பிறகு அண்ணாந்து குடித்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்க, ஏறி இறங்க, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். எனக்கு ஒரு சொட்டுகூட இல்லை.

“எனுக்குக் கொஞ்சம் வைங்க மாமா” என்றேன்.

“சும்மா இருடா” என்றாள் அம்மா. “அவன் முழுசா குடிக்கட்டும்.”

வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.