போலிஷ் மொழிக்கு ஒரு மாலை

ஜெர்மனியின் லைப்சிக் நகரம். நூலக மண்டபத்தில் போலிஷ் மொழிக்கும் பண்பாட்டுக்குமான விழா. ரயிலுக்கு நேரமிருக்கிறதே என்று உள்ளே வந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வரவேற்புரைகள் முடிந்தபாடில்லை. தாய்மொழியின் அருமையைப் பற்றி ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள், எல்லாம் ஜெர்மனில். கவிதை வாசிக்க போலந்திலிருந்து வந்திருக்கும் பெண் மேடையோரத்தில் புத்தகத்தை விரித்து வைத்தபடி காத்திருக்கிறார்.

நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு, மகளோடு பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் திரும்புகிறார்.

"என்ர மனுசன் போலந்துக்காரர். அவர் செத்தாப் பிறகு வீட்டில அந்தப் பாஷை கேக்கிறேல்லை. பிள்ளை ஒருக்கா கேக்கட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

"கவிதை எப்போ அக்கா?"

"இவையள் கதைச்சு முடிச்சாத்தானே. எங்கட ஆக்களின்ர விழா மாதிரித்தான் இருக்கு. பொன்னாடை மட்டும் இல்லை."

ஒருவழியாகக் கவிஞரை அழைக்கிறார்கள். அவர் மைக்கருகே வருகிறார். மகள் நிமிர்ந்து உட்காருகிறாள். அதற்குள் நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார், மண்டபத்தைப் பூட்ட வேண்டுமாம். விழாத் தலைவர் கவிஞரிடம் மன்னிப்புக் கேட்டு, கையில் பூங்கொத்தைத் திணித்துவிட்டு, நன்றியுரையைத் தொடங்குகிறார். போலிஷ் மொழியின் இனிமையைப் பற்றி, ஜெர்மனில்.