கோழி எருவும் மரகதத்தின் கையும்

மோகனூர் ரோட்டில் ஒரு வீட்டில் நான் போட்ட இட்லிப்பூச் செடிகள் மூன்று தடவை செத்துப்போயின. காரணம் நான். பழி விழுந்தது அந்த வீட்டு மருமகள் மேல். லேண்ட்ஸ்கேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உரம், மருந்து, டிரிம்மிங் எல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. இதைச் சொல்லித்தர ஆளில்லை. அதனால் வெட்கத்தை விட்டு நானே எழுதுகிறேன்.

1. முதல் நடவு

வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். வீட்டில் அவருடைய அம்மாவும் மனைவி மரகதமும் மகளும்தான். கேட்டிலிருந்து வாசற்படி வரை பாதையின் இரண்டு பக்கமும் குட்டை ரக இட்லிப்பூ வேண்டும் என்றார் மரகதம். முழங்கால் உயரத்தைத் தாண்டாது. எந்த மாதமும் பச்சையாக நிற்கும், சிவப்புக் கொத்தாகப் பூக்கும். மகள் கல்யாணத்துக்குள் பாதை சிவந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

நாமக்கல் பக்கம் எரு என்றால் கோழி எருதான். முட்டைப் பண்ணைகளில் மலைபோல் குவிந்து கிடக்கும். ரோஜாவுக்கும் அரளிக்கும் அதைப் போட்டுப் பேர் வாங்கியவன் நான். இட்லிப்பூ மட்டும் என்ன ராஜ வம்சமா என்று குழிக்குக் குழி தாராளமாகப் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, நானே நடட்டுங்களா?" என்று கேட்டார் மரகதம்.

"தாராளமா நடுங்க அம்மிணி. உங்க ஊட்டுச் செடிதானுங்களே."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக அவரே நட்டார். கடைசிச் செடிக்கு மண் அணைத்துவிட்டு அதைத் தொட்டுக் கும்பிட்டார். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

2. மஞ்சள்

கொஞ்ச நாளில் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஓரம் கருகியிருந்தது. சத்துப் பற்றவில்லை என்று சொல்லி இன்னும் ஒரு கை கோழி எரு போட்டேன். காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி ஊட்டிய கதைதான். செடிகள் செத்தன.

வேறு செடி கொண்டுபோன அன்று மாமியார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"செடிய என்னத்துக்குங்க குத்தஞ் சொல்றது? எம் மருமவ கைராசி அப்படி. அவ தொட்டா அருகம்புல்லும் காஞ்சுபோயிரும்."

மரகதம் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? செடி செத்தால் காண்டிராக்ட் எடுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்றிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் சொன்னது இது:

"சில பேர் கை அப்படித்தானுங்க பெரியம்மா."

காண்டிராக்டரைக் குற்றம் சொல்லாத ஒரு பேச்சு கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

இரண்டாவது நடவும் மஞ்சளடித்துப் போனது. மூன்றாவது தடவை மரகதம் செடியைத் தொடவே கூடாது என்று மாமியார் உத்தரவு போட்டார். நானே நட்டேன். நடும்போது மரகதம் படியில் நின்று பார்த்ததோடு சரி. அதுவும் செத்தது. அப்போதும் என் கைராசியைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தண்ணி ஊத்துனது அவதானுங்களே" என்றார் மாமியார்.

3. ராசிபுரத்துப் பாத்தி

அதே நர்சரியில் எடுத்த அதே ரகச் செடிகளை ராசிபுரத்தில் ஒரு வீட்டில் நட்டிருந்தேன். அங்கே எரு லோடு வந்து சேரவில்லை. வெறும் செம்மண்ணும் இலைமக்கும் போட்டு வேலையை முடித்திருந்தோம். ஒருநாள் டிரிம்மிங் செய்யப் போனால் பாத்தி முழுக்கச் சிவப்பு.

அந்தப் பாத்தி முன்னால் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. முட்டை ஓடு கெட்டிப்பட முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் கிளிஞ்சல் கலப்பார்கள். அந்தச் சுண்ணாம்புச் சத்து எருவிலும் வரும். இட்லிப்பூவுக்குச் சுண்ணாம்பு ஆகாது. இரண்டும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். சேர்த்து யோசிக்க அவசியம் வரவில்லை. மரகதத்தின் கை இருந்ததே.

4. முளைப்பாலிகை

உடனே போனேனா என்றால் இல்லை. எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். போனபோது கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். மறுநாள் முளைப்பாலிகை. கல்யாணத்துக்கு முன் மண்சட்டியில் நவதானியம் விதைத்து முளைக்க வைக்கிற சடங்கு அது. முளை செழித்தால் பெண்ணின் வாழ்க்கை செழிக்கும் என்று நம்பிக்கை. முதல் கை பெண்ணைப் பெற்றவளுடையதாக இருக்க வேண்டும். இங்கே கல்யாணத்துக்கு வந்திருந்த இளைய மருமகள், மரகதத்தின் ஓரகத்தி, விதைக்கப்போவதாகப் பந்தலில் பேசிக்கொண்டார்கள்.

கூட்டத்தின் நடுவிலேயே சொன்னேன். "பெரியம்மா, செடி செத்தது இவங்க கையால இல்லீங்க. நான் போட்ட எரு ஆவலைங்க. தப்பு எம்மேலதானுங்க."

"ஏஞ் சாமி, கல்யாண ஊட்ல அவளுக்குப் பரிஞ்சு பேசோணுமாக்கும்?" என்று மாமியார் சிரித்தார். "அன்னைக்கு நீங்களேதான சொன்னீங்க, சில பேர் கை அப்படின்னு?"

சத்தியம் செய்தேன். கோழி, கிளிஞ்சல், சுண்ணாம்பு என்று விளக்கினேன். யார் காதிலும் ஏறவில்லை. சரி, மரகதமாவது கேட்பார் என்று அவரைப் பார்த்தேன்.

"உடுங்கண்ணா. எனக்காவ நீங்க எதுக்குப் பழிய ஏத்துக்கறீங்க? எம் புள்ள நல்லா இருந்தாப் போதுமுங்க" என்றார்.

மறுநாள் தானியத் தட்டை அவரே எடுத்துப்போய் ஓரகத்தியிடம் கொடுத்தாராம்.

கல்யாணம் முடிந்ததும் என் செலவில் குழிகளையெல்லாம் தோண்டிப் பழைய மண்ணை அள்ளி வெளியே கொட்டினேன். செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பினேன். "இந்தத் தடவை நீங்க நடுங்க அம்மிணி" என்று கெஞ்சினேன். அவர் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நானே நட்டேன்.

செடி செத்தால் முதலில் உங்கள் குழியைத் தோண்டிப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது மரகதமே நம்புகிற நிலையில் இல்லை.

இப்போது அந்தப் பாதை இரண்டு பக்கமும் சிவந்து கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் நாலைந்து வீட்டில் கூப்பிட்டார்கள், கைராசிக்காரர் என்று. மரகதம் சாமி படத்துக்குப் பூப்பறிக்கக்கூட வேலைக்கார அம்மாவைத்தான் அனுப்புகிறார்.