கோணலாகப் புதைத்த கால்

"யார் தவறினது?" என்று கேட்டார் துணிக்கடை ஹாஜி.

பிணத்தைச் சுற்றும் கஃபன் துணி வாங்க வந்தவனிடம் வேறு என்ன கேட்பார்? ஓடாங் இரண்டு கெஜம் போதும் என்று மட்டும் சொன்னான்.

"ரெண்டு கெஜம்தானா? ஐயோ, குழந்தையா?"

"இல்ல ஹாஜி. கால்."

"என்னது?"

"என் மக கால். மக உயிரோடதான் இருக்கா. பாண்டுங் ஆஸ்பத்திரியில படுத்திருக்கா."

ஹாஜியின் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது. பதினேழு வயதுப் பெண். அவள் அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்க, அவளுடைய ஒரு கால் மட்டும் அவளுக்கு முன்னால் மண்ணுக்குள் போகப் போகிறது. எந்தத் தகப்பனுக்கும் இந்தத் துணியை வாங்கும் நாள் வர வேண்டாம்.

ஓடாங்கின் மனைவி இமாஸைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. எங்கள் ஊரான காருத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மீன்குட்டை. அந்தக் கரையிலிருந்து அவள் இருமினால் இந்தக் கரையில் எனக்குக் கேட்கும். சுளுக்கு, பிசகிய தோள், பிள்ளை பெற்றவளின் வயிறு என்று எல்லாவற்றுக்கும் ஊர் அவளிடம்தான் போகும். "தெத்தே இமாஸ் கை பட்டா எலும்பு தானா வீடு தேடிப் போயிடும்" என்பார்கள். தெத்தே என்றால் அக்கா. தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்க்கும் ஓடாங் அதைக் கேட்டுச் சிரிப்பான். "இவகூட சண்டை போட எனக்குப் பயமா இருக்கு. மாட்டவும் தெரியும், கழட்டவும் தெரியும்."

ஒரே மகள் ரந்தி, வீட்டில் செல்லமாக நெங், பள்ளிக்கூட வாலிபால் குழுவில் விளையாடுபவள். ஒருநாள் எகிறி அடித்துக் கீழே இறங்கும்போது விழுந்தாள். இடது முட்டிக்கு மேலே வலி. இமாஸ் அன்று மாலையே எண்ணெயைச் சூடாக்கி உட்கார்ந்தாள்.

"மா, மெதுவா மா."

"மெதுவா உருவினா நரம்பு கேக்காது நெங். பல்லைக் கடிச்சுக்க. ரெண்டே நாள்ல நிமிர்த்திடுறேன்."

இரண்டு நாள் பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று. முட்டிக்கு மேலே வீக்கம் ஒரு முழு மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. கெட்ட ரத்தம் வெளியே வருகிறது என்றாள் இமாஸ். சும்மா படுத்திருந்தாலும் வலிக்கிறது, ராத்திரியில்தான் அதிகம் என்றாள் ரந்தி. சுளுக்கு இளகும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. அம்மா சொன்னால் மகள் நம்புவாள். ஊரே நம்பும்போது மகள் நம்பமாட்டாளா?

பொரித்த டோஃபு விற்கும் டெடேதான் முதலில் வாய் திறந்தாள். "தெத்தே, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்களேன்."

"ஊருக்கே எலும்பு பாக்குறவ, சொந்த மகளை எக்ஸ்ரே எடுக்கத் தூக்கிட்டுப் போனா நாளைக்கு எவ என் படி ஏறுவா? போ, உன் டோஃபு கருகுது."

நாற்பதாம் நாள் காலையில் தொழுகைக்குக் குனிந்த ரந்தியால் எழுந்திருக்க முடியவில்லை. ஓடாங் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளை முதுகில் சுமந்துகொண்டு பெரிய ரோட்டுக்கு நடந்தான். ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில், தொடை எலும்பின் கீழ்முனையிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கதிர்கள் கிளம்பியிருந்தன. சூரியனைக் குழந்தைகள் வரைவார்களே, அந்த மாதிரி. அந்த டாக்டர் படத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. அப்போதே பாண்டுங்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாண்டுங்கில் ஊசி போட்டு எலும்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் ஹெர்லினா மூன்று பேரையும் உட்கார வைத்து, இமாஸை 'இபு', அம்மா என்று மரியாதையாக அழைத்துச் சொன்னார்.

"இபு, இது சுளுக்கு இல்ல. தொடை எலும்புல புற்றுக்கட்டி. வளர்ற வயசுப் பிள்ளைங்களுக்கு வர்ற வகை. விழுந்ததால வரல. விழுந்ததால வெளிய தெரிஞ்சுது. நுரையீரல் படம் இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. மருந்து ஏத்தி, ஆபரேஷன் பண்ணி, திரும்பவும் மருந்து ஏத்தணும். ஒரு தவணைகூடத் தப்பக் கூடாது. தப்பினா அது நெஞ்சுக்குப் போயிடும். அப்புறம் உயிருக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது."

பிறகு எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "யாராவது உருவி விட்டாங்களா?"

ஓடாங் தன் செருப்பைப் பார்த்தான்.

"இல்ல டாக்டர்," என்றாள் இமாஸ்.

"நல்லது. சில பேர் மாசக்கணக்கா உருவிட்டு வர்றாங்க. அது ரொம்பக் கெடுதல்."

ரந்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாய் திறந்து அம்மாவைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இமாஸுக்குத் தாங்கியிருக்கும். அந்த மௌனம்தான் அவள் நெஞ்சில் முள்ளாக ஏறி உட்கார்ந்தது.

மூன்று தவணை மருந்து. முடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. வாயெல்லாம் புண். அரிசிக் கஞ்சியைக்கூட ஆறவைத்துத்தான் விழுங்கினாள். ஆனாலும் கட்டி எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்கவில்லை.

"சின்னதா இருந்திருந்தா எலும்பை மட்டும் எடுத்துட்டு, உள்ள உலோகம் வச்சுக் காலைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர். "இது பெரிய ரத்தக்குழாயைச் சுத்திக்கிட்டிருக்கு. காலை எடுத்தாதான் உயிர்."

சின்னதா இருந்திருந்தா. அந்த இரண்டு வார்த்தையை இமாஸ் எத்தனை முறை எனக்குச் சொல்லியிருப்பாள்! மீனுக்குத் தீனி போடும்போது சொல்வாள். துணி அலசும்போது சொல்வாள். "சின்னதா இருக்கும்போது அது என் கைக்குக் கீழதான இருந்துச்சு, தெத்தே?"

ரந்தி மட்டும் அழவில்லை. "எடுத்துடுங்க டாக்டர். எனக்கு இந்த வலி போனாப் போதும்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்ததும், ரந்தியின் அத்தையை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் காலைக் கொண்டு வந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி அதைக் கழுவ வேண்டும். பெண்ணின் கால், பெண்தான் கழுவ வேண்டும். நான் தண்ணீர் ஊற்றினேன், இமாஸ் கழுவினாள். நகங்களில் சித்தி மகள் கல்யாணத்துக்கு இட்ட மருதாணி நகத்தோடு வளர்ந்து பாதிதான் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கழுவினாள். வீக்கத்தின் மேல் கை வந்ததும் நின்றுவிட்டாள். "தண்ணி ஊத்துங்க தெத்தே, நீங்களே ஊத்துங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிவாசல் பொறுப்பாளர் ஹாஜி சொபாந்தி வந்தார். உயிரோடிருப்பவரின் உறுப்புக்குத் தொழுகை கிடையாது, துணி சுற்றிப் புதைத்தால் போதும் என்றார்.

"அப்ப என்ன சொல்லிப் புதைக்கிறது?" என்றான் ஓடாங்.

"சத்தமா ஒண்ணும் வேணாம். மீதி உடம்பு ரொம்ப வருஷம் கழிச்சு வரட்டும்னு மனசுக்குள்ள கேட்டுக்க."

குழியை ஓடாங்தான் வெட்டினான். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தவனுக்கு அளவு எங்கே தெரியும்? குழி குட்டையாகிவிட்டது. முட்டியைக் கொஞ்சம் மடக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மழை தூற ஆரம்பித்தது. "மூடிடலாம்" என்றார் யாரோ. மூடிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து ரந்தி வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே ஆரம்பித்தது.

"மா, என் கால் மடங்கிக் கிடக்குது. யாராவது நீட்டி விடுங்களேன்."

இமாஸ் வலது காலைத் தொட்டாள்.

"அது இல்ல மா. அந்தக் கால்."

போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. கெண்டைக்கால் முறுக்குகிறது, விரல்கள் உள்ளே மடங்குகின்றன என்று இல்லாத காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். நலம் விசாரிக்க வந்த டெடே, மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிட்டாள்.

"புதைக்கும்போது நேராத்தான வச்சீங்க?"

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. வெட்டிய உறுப்பைக் கோணலாகப் புதைத்தால் உடையவருக்கு வலி விடாது என்பார்கள். ரந்தி தலையைத் திருப்பினாள்.

"அபா, கோணலாவா வச்சீங்க?"

ஓடாங்குக்குப் பொய் சொல்ல வராது. "குழி கொஞ்சம் குட்டையாயிடுச்சு நெங்."

"அப்ப அதை நிமிர்த்தி வைங்க. அதுவரைக்கும் நான் மருந்து ஏத்த வரமாட்டேன். ஒரு பக்கம் விஷம், ஒரு பக்கம் இந்த வலி. ரெண்டையும் என்னால தாங்க முடியாது."

சொன்னபடியே அந்த வாரம் பாண்டுங் வண்டியில் ஏறவில்லை. ஒரு தவணை தப்பியது. டாக்டர் போன் செய்தார்.

"இபு, கால் மண்ணுல எப்படிக் கிடந்தாலும் இந்த வலி வரும். கால் போனது நரம்புக்கு இன்னும் தெரியல. அதுக்கு மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு. முதல்ல கூட்டிட்டு வாங்க. அடுத்த வியாழனையும் விட்டீங்கன்னா நான் பயந்துட்டிருக்கறது நடந்துடும்."

இமாஸ் ஹாஜி சொபாந்தியிடம் போய் நின்றாள். புதைத்ததைத் தோண்டுவது லேசான காரியமில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார் அவர். அவர் யோசிக்கலாம். வியாழக்கிழமை யோசிக்குமா?

அந்த வியாழன் விடிந்ததும் குட்டைக் கரையில் மண்வெட்டியோடு இமாஸ் போவதைப் பார்த்துவிட்டு நான் பின்னாலேயே ஓடினேன். மூங்கில் புதருக்கு அந்தப்பக்கம் மயானம். அவள் ஏற்கெனவே முழங்கால் போட்டிருந்தாள். துணி கிழிந்துவிடுமே என்று மண்வெட்டியை எறிந்துவிட்டு வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் இமாஸ்! ஹாஜி என்ன சொல்வாரு?"

"சொல்லட்டும். பழி எனக்கு, பாவம் எனக்கு. நிமிர்த்திட்டா என் பொண்ணு வண்டி ஏறுவா தெத்தே. நான் நிமிர்த்திடுறேன். ஒரு நிமிஷம். நிமிர்த்திடுறேன்."

"மா!"

ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டு ரந்தி நின்றாள். ஈர வரப்பில் எத்தனை தடவை விழுந்தாளோ, உடையெல்லாம் சேறு. பின்னால் ஓடாங், பிடிக்கவும் பயந்து, விடவும் பயந்து.

"இதோ ஆச்சு நெங். நிமிர்த்திடுறேன், நீ பாரேன்."

"அன்னிக்கும் இதையேதான சொன்ன?"

இமாஸின் கைகள் மண்ணுக்குள் நின்றன.

"ரெண்டே நாள்ல நிமிர்த்திடுறேன்னு சொன்ன. நாப்பது நாள் நம்பினேன் மா. டாக்டர் கேட்டப்ப நீ இல்லைன்னு சொன்ன, அப்பவும் உனக்காக வாயை மூடிக்கிட்டேன். இந்தக் காலை நிமிர்த்தச் சொன்னது நான்தான். ஆனா இங்க வந்து உன்னைப் பாத்தா, அதே முகம், அதே பேச்சு. இன்னொரு வாட்டி நம்பறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல மா."

"என்னை அடிச்சிடு நெங்," என்று மண்ணில் தலை வைத்துக் கதறினாள் இமாஸ். "உன் காலை நான்தான் தின்னேன். அடிச்சிடு என்னை."

"அடிக்க ஒரு கையை விட்டா விழுந்துடுவேன்," என்றாள் ரந்தி. அழுகையோடு ஒரு சிரிப்பு வந்து பாதியில் அறுந்தது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "மூடு மா. அது எப்படிக் கிடக்குதோ அப்படியே கிடக்கட்டும். ஒன்பது மணி வண்டியைப் பிடிக்கணும்."

நாங்கள் மூவரும் மண்ணைத் தள்ளி மூடினோம். கை கழுவக்கூட நேரமில்லை.

நகங்களில் அந்த மண்ணோடேயே இமாஸ் அன்று டாக்டர் முன்னால் நின்றாள். "நான்தான் உருவினேன். நாப்பது நாள். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டி உங்க கையால உண்டாகல இபு. ஆனா நாள் போயிடுச்சு. அது நிஜம். இனிமே ஒரு நாளும் போக விடாதீங்க."

அதன் பிறகு ஒரு தவணையும் தப்பவில்லை. கடைசி மருந்து ஏறி முடிந்து, நெஞ்சுப் படம் சுத்தமாக வந்தது. செயற்கைக் காலும் வந்தது. ரந்தி இப்போது பாண்டுங்கில் இருக்கிறாள். வெளியூர் நோயாளிகள் தங்கும் ஒரு விடுதியில் வேலை. உயிர் மிஞ்சியது. அதற்காக நாங்கள் மஞ்சள் சோறு ஆக்கி ஊருக்கே போட்டோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மயானத்தில் பேசிய அந்த நாளுக்குப் பிறகு ரந்தி தன் அம்மாவைத் தொட விட்டதில்லை. மிஞ்சிய தொடைக்குக் கட்டும் பட்டையைத் தானே கட்டிக்கொள்வாள். இமாஸ் ஒரு முனையையாவது பிடிக்கக் கையை நீட்டினால், "நானே பாத்துக்கறேன் மா" என்பாள். கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள். ஊரைவிட்டுப் போனதும் அதனால்தானோ என்று இமாஸ் கேட்கிறாள்.

வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. மாத்திரைக்கு அடங்கும், சில நாள் அடங்காது. அடங்காத நாளில் அவள் போன் செய்வாள். போன வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் இருந்தேன். இமாஸ் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வலிக்குதா நெங்?"

"ம்."

"நான் கிளம்பி வரட்டுமா? மூணு மணி நேரம்தான்."

"வேணாம் மா."

இமாஸ் தலையை ஆட்டினாள், போனில் தெரியாது என்பதை மறந்து. "சரி, அப்ப மாத்திரையைப் போட்டுட்டுப் படு. வச்சிடட்டுமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வைக்காத. பேசவும் வேணாம். சும்மா இரு."

கீரைக் கூடையை இமாஸ் ஓசைப்படாமல் நகர்த்தி வைத்தாள். போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்து, உலை வைத்து, சோறு வடித்து, குட்டைக் கரைக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.